மூச்சுக்குப் பெயர் வைத்தவர்கள்

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி என்று நீளும் அந்த வானம் பார்த்த பூமியில் நெஞ்சு நோய்க்குச் சொல் பஞ்சமே கிடையாது. ஈளை, இளைப்பு, இரைப்பு, கோழை, மூச்சுமுட்டு. "ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, எந்திரிச்சு உக்காந்தா தேவலை" என்று ஒரு பெரியவர் சொன்னால், மருத்துவருக்கு வேண்டிய பாதி விஷயம் அதில் வந்துவிடும். அதே ஆள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வெளியே வரும்போது, "என்னமோ இங்கிலீசுல எழுதிருக்காக" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த 'இங்கிலீசை' கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். படுத்தால் முட்டி, நிமிர்ந்தால் சரியாகும் மூச்சுக்கு மருத்துவத்தில் 'ஆர்த்தாப்னியா' என்று பெயர். கிரேக்கத்தில் ஆர்த்தோ என்றால் நேர், நிமிர்வு. ப்னோயா என்றால் மூச்சு. பெரியவர் சொன்னதும் அதேதான். 'ஆஸ்துமா'வும் கிரேக்கம்தான், பொருள் மூச்சிரைப்பு. சொல்லில் 'ஐட்டிஸ்' என்று வால் இருந்தால் அழற்சி. 'பிராங்கைட்டிஸ்' என்றால் மூச்சுக்கிளைக்குழல் அழற்சி. அவ்வளவுதான்.

உறுப்பின் பெயருக்கும் இதே கதை. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே கோடிக்கணக்கான காற்றுப்பைகள். நம்மவர்கள் அதை நுரை என்று பார்த்தார்கள். ஆங்கில 'லங்' என்ற சொல்லின் வேரும் 'கனமில்லாதது' என்பதுதான். மூச்சுக்குழல் இரண்டாகி, அவை மீண்டும் மீண்டும் கிளைத்து, கடைசியில் இந்தப் பைகளில் போய் முடிகின்றன. பையின் மெல்லிய சுவர் வழியாக ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. ஆஸ்துமாவில் குழாய் சுருங்குகிறது. அதனால்தான் மூச்சை விடும்போது விசில் சத்தம். நிமோனியாவில் பைகளே நீரும் சீழுமாக நிரம்புகின்றன.

இதையெல்லாம் தமிழிலேயே ஒரு மருத்துவ மாணவனுக்குச் சொல்லித்தர முடியுமா? நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்தபடியே உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், 1864 முதல் தமிழில். பாடம் நடத்த நூல் வேண்டும், நூலுக்குச் சொல் வேண்டும். முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழிக்குப் போ, அதிலும் இல்லையென்றால் ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுது. இதுதான் அவர் வழி. வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். உடற்கூற்றியலின் பெரிய நூலான கிரேயின் புத்தகம் லண்டனில் 1858-இல் வந்தது. 1872-இல் அது 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிவிட்டது. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்ற நம் சிற்றிலக்கியப் பெயர்களின் சாயல் அந்தத் தலைப்பில் கேட்கிறது. இந்த வேலையில் அவருடைய தமிழ் மாணவர்களும் தோள் கொடுத்தார்கள்.

கிறீன் 1873-இல் ஊர் திரும்பினார். அவருக்குப் பிறகு தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. சென்னையில் 1835-இலும், கொழும்பில் 1870-இலும் தொடங்கிய மருத்துவப் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி. வேலையும் சான்றிதழும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

சொல் தொலைந்தால் என்ன நஷ்டம் என்பதற்குக் காசநோயின் பெயர்களே சாட்சி. 'சயரோகம்' என்றால் உடம்பைத் தேய்க்கும் நோய். வீட்டார் கண்ணில் பட்டது அது. 'காசம்' என்றால் இருமல். பக்கத்து வீட்டுக்குக் கேட்டது அது. 'டியூபர்குலோசிஸ்' என்பது 'சிறு முடிச்சு' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இறந்த உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் கண்டது அது. கிருமிதான் காரணம் என்று ராபர்ட் காக் அறிவித்தது 1882-இல். மூன்று பெயரிலும் கிருமி இல்லை. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாகலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. ஆனாலும் ஊரில் இன்னமும் "டிபி" என்றால் குரல் இறங்கிவிடுகிறது. சொல்லுக்குள் தேய்வும் சாவும் மட்டுமே ஏறி, குணமாகும் என்ற சேதி ஏறாமலே போனதால் வந்த வினை இது.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவது பல நேரம் நுரையீரல் கோளாறே இல்லை, இதயம் பலவீனமாவதன் அறிகுறி. "இழுப்பு இருக்கு" என்று சுருக்கிச் சொல்லி, யாரோ பயன்படுத்திய இன்ஹேலரைக் கடன் வாங்கினால் நாள்தான் வீணாகும். அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பேரப்பிள்ளைகள் அங்கே மொழிபெயர்க்கிறோம் என்று "ஆஸ்துமா மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்ல வேண்டாம். எப்போது முட்டுகிறது, எப்படி உட்கார்ந்தால் தேவலை, கோழை என்ன நிறம், ரத்தம் வந்ததா, எத்தனை நாளாக இருமல். அதை அப்பத்தா வாயாலேயே சொல்ல விடுங்கள். திரும்பும்போது சீட்டில் இருக்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, அவர் மொழியில் அவருக்குச் சொல்லிவிடுங்கள். மானிப்பாயில் ஒருவர் ஆயுளில் பல வருஷங்களைச் செலவழித்துச் செய்த வேலையில் நம் பங்கு அவ்வளவுதான்.