கட்சி மாறிய தலைவரும் பெயரைச் சொல்லாத தலைவரும்



தலைமைப் பதவிக்கு நிற்கிறவர் உண்மையானவர்தானா என்பதை வாக்காளர் எதை வைத்து முடிவு செய்கிறார்? இதுதான் இன்று நமக்குத் தரப்பட்ட கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் நம்மை அமெரிக்காவுக்கே அழைத்துப் போய்விட்டார். 1960 செப்டம்பர் 26 அன்று கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதினார்கள். வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் வென்றதாகப் பட்டது, முகத்தைப் பார்த்தவர்கள் கென்னடி பக்கம் சாய்ந்தார்கள் என்றார். நல்ல கதைதான். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கணக்கெடுப்பு மிகவும் மெலிதானது. அதோடு, அந்த நிக்சனையே அதே மக்கள் 1968-இலும் 1972-இலும் அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நண்பர் சொல்லவில்லை.

அமெரிக்கா கிடக்கட்டும். நம் பினாங்கில் இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் இருக்கிறது. மலாயாவிலேயே முதன்முதலில் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியவர்கள் ஜார்ஜ்டவுன்காரர்கள். 1951 டிசம்பர் 1 அன்று நகராட்சித் தேர்தல் நடந்தது. போட்டிக்கு விடப்பட்ட 9 இடங்களில் 6 இடங்களை ரேடிக்கல் கட்சி பிடித்தது. அந்தக் கட்சியின் முதல் தலைவர் ஒரு மருத்துவர். எடின்பரோவில் படித்துவிட்டு வந்தவர். பெயர் லிம் சோங் இயூ.

"கொள்கையும் கட்சியும் மாறாதவரே உண்மையான தலைவர்" என்று நண்பர் அடித்துச் சொன்னார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு டாக்டர் லிம்மை அளந்து பார்ப்போம்.

1958 மார்ச்சில் ம.சீ.ச.வின் தேசியத் தலைவர் பதவிக்கு அவர் நின்றார். எதிரே நின்றவர் சாதாரண ஆள் அல்ல. கட்சியை நிறுவிய முதுபெரும் தலைவர் டான் செங் லோக். பேராளர்கள் வாக்களித்ததில் லிம்முக்கு 89, டானுக்கு 67. அடுத்த ஆண்டே, சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் பொதுத்தேர்தலுக்கான இடப்பங்கீடு வந்தது. மொத்தம் 104 நாடாளுமன்ற இடங்கள். தம் கட்சிக்கு 40 வேண்டும் என்று துங்குவுக்குக் கடிதம் எழுதினார் லிம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் இருந்தால்தான் அரசியலமைப்பைத் தங்கள் சம்மதமின்றி யாரும் திருத்த முடியாது என்பது கணக்கு. தாய்மொழிக் கல்வி பற்றிய கோரிக்கையும் அதில் இருந்தது. அந்தக் கடிதம் பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. துங்குவுக்குக் கோபம் வந்தது, கொடுத்தது 31. லிம் இறங்கிவந்து ஏற்றுக்கொண்டார், பிறகு தலைவர் பதவியை விட்டார், 1960-இன் இறுதியில் கட்சியையும் விட்டார்.

1962-இல் ஐக்கிய ஜனநாயகக் கட்சி. அது 1964 பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு வென்றது ஒரே ஓர் இடம். அந்த இடம் தஞ்சோங், வென்றவர் லிம். அதாவது கட்சியை நாடு ஒதுக்கியது, ஆளை ஊர் வைத்துக்கொண்டது. 1968-இல் அந்தக் கட்சியையும் கலைத்துவிட்டு, பேராசிரியர் சைட் ஹுசேன் அலாத்தாஸ், டாக்டர் டான் சீ கூன் போன்றோருடன் சேர்ந்து கெராக்கானைத் தொடங்கினார். எண்ணிப் பாருங்கள், 17 ஆண்டுகளில் நான்கு கட்சிகள்! இன்றைக்கு ஒருவர் இப்படிச் செய்தால் 'தவளை' என்று சொல்லிவிடுவோம்.

ஆனால் 1969 மே 10 அன்று பினாங்கு மக்கள் என்ன செய்தார்கள்? 24 சட்டமன்ற இடங்களில் 16-ஐ கெராக்கானுக்குக் கொடுத்து, கூட்டணிக் கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கி, அவரை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் நண்பருக்குப் பதில் சொல்வது சுலபம். கட்சிதான் மாறியது, கொள்கை மாறவில்லை என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் 1972 பிப்ரவரியில் டாக்டர் லிம், எந்தக் கூட்டணியைத் தோற்கடிக்க மக்கள் அவருக்கு வாக்களித்தார்களோ, அதே கூட்டணியோடு கைகோத்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அவர் பக்கம் நியாயம் இருந்தது. தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி பறிபோயிருந்தது. வாணிபத்தை நம்பியே வாழ்ந்த ஊரில் இளைஞர்களுக்கு வேலை இல்லை. மத்திய அரசின் பணமும் சம்மதமும் இல்லாமல் ஒரு மாநிலம் தனியாக எதைச் சாதிக்க முடியும்? அவருக்குச் சுயநலமும் இருந்தது என்பதை மறைப்பது சரியல்ல. 1971-இல் கெராக்கான் பிளந்தது, சட்டமன்றத்தில் அவருடைய பெரும்பான்மை ஆட்டங்கண்டது. நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளவும் அந்தக் கை தேவைப்பட்டது.

பிரிந்து போனவர்களில் நம்மவர் ஒருவர் இருந்தார், வி. டேவிட். தொழிற்சங்கவாதி; நம் தொழிலாளர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பேச்சாளர். 1969-இல் டத்தோ கிராமாட் நாடாளுமன்றத் தொகுதியில் கெராக்கான் சார்பில் வென்றவர். டாக்டர் டான் சீ கூனோடு சேர்ந்து அவர் பெக்கெமாஸ் என்ற புதிய கட்சிக்குப் போனார். எதிர்க்கட்சியாகத்தானே மக்கள் நம்மை அனுப்பினார்கள், அப்படியே இருப்போம் என்ற நிலை. நண்பருடைய அளவுகோலில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர் டேவிட்தான்.

1974 ஆகஸ்டில் தேர்தல் வந்தது. (அதே மாதம் 9-ஆம் தேதிதான் நிக்சன், சொந்த ஒலிநாடாக்களே காட்டிக்கொடுத்ததால், பதவியைத் துறந்தார்.) டாக்டர் லிம் இப்போது தேசிய முன்னணியின் வேட்பாளர். பினாங்கு அவரையே மறுபடியும் முதலமைச்சராக்கியது. பெக்கெமாஸுக்கு நாடு முழுவதிலும் கிடைத்த நாடாளுமன்ற இடம் ஒன்றே ஒன்று, கெப்போங்கில் டாக்டர் டான். டேவிட் அந்த முறை நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை.

மே 13-க்குப் பிந்தைய காலம் அது. பேசக்கூடாதவை என்று பல விஷயங்கள் சட்டத்தால் பூட்டப்பட்டிருந்தன. எதிர்க்கட்சிகள் மெலிந்து கிடந்தன. ஆகவே 1974-ஐ முழுச் சுதந்திரமான தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் வாக்காளர் முன்னால் ஒரு விஷயம் திறந்து கிடந்தது. அவர் யாரோடு சேர்ந்தார் என்பது ஊருக்கே தெரியும். ஏன் சேர்ந்தார் என்பதையும் சொன்னார். சொன்னதற்குச் சாட்சியாகப் பாயான் லெப்பாஸில் 1972 முதல் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்தன. நெல் விளைந்த நிலத்தில் இன்டெல் வந்தது, ஹிட்டாச்சி வந்தது. அதிகாலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்ற பெண்பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். முதல் சம்பளத்தை மகள் கொண்டுவந்து கையில் கொடுக்கும்போது, முதலமைச்சர் எத்தனை கட்சி மாறினார் என்று எந்தத் தகப்பன் கணக்குப் பார்த்திருப்பான்?

டேவிட்டை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று பொருள் அல்ல. 1978-இல் டாமன்சாராவில் ஜ.செ.க. சார்பில் வென்றார், 1986-இல் பூச்சோங்கில் வென்றார், 1987 லாலாங் நடவடிக்கையில் தடுத்து வைக்கப்பட்டார். அவருடைய நேர்மையையும் வாக்காளர் மதித்தார்கள், இவருடைய மாற்றத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே மக்கள் செய்தவை. ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்படியானால் பினாங்கு வாக்காளர் எதைத்தான் பொறுப்பதில்லை? 2008-க்கு வருகிறேன்.

அப்போதைய முதலமைச்சர் டான்ஸ்ரீ கோ சூ கூன். 1990 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். மென்மையாகப் பேசுவார், படித்தவர். தனிமனிதராக அவர் பொய்யர் என்று எதிர்க்கட்சிக்காரர்களே மேடையில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்த முறை அவர் மாநிலத்தை விட்டு நாடாளுமன்றத்துக்குப் போவதென்று முடிவு செய்து பத்து கவானில் நின்றார். சரி, அடுத்த முதலமைச்சர் யார்? கெராக்கானுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அடிபட்டன. பிரதமர் பிறகு அறிவிப்பார் என்றார்கள். வாக்களிக்கும் நாள்வரை பெயர் வரவில்லை.

ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கிறவன்கூடக் கேட்டான்: "வீட்டை வாடகைக்கு விடுகிறவன்கூடக் குடிவருகிறவன் யார் என்று கேட்கிறான், மாநிலத்தை யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்று நான் கேட்கக்கூடாதா?" நியாயமான கேள்விதானே.

மார்ச் 8 இரவு முடிவுகள் வந்தன. 40 இடங்களில் எதிர்க்கட்சிகளுக்கு 29. மிச்சம் 11-உம் அம்னோவுக்கு. 39 ஆண்டுகள் முதலமைச்சரைத் தந்த கெராக்கானுக்கு ஒன்றுகூட இல்லை. பத்து கவானில் கோ சூ கூனைப் பேராசிரியர் பி. இராமசாமி 9,485 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். பெயரை மறைத்தது மட்டுமே காரணம் என்று சொன்னால் நான்தான் உண்மை பேசாதவன் ஆவேன். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணியில் கண்ணீர்ப்புகை குடித்துத் திரும்பிய நம் மக்களின் கோபம் இருந்தது, விலைவாசி இருந்தது. ஆனாலும் இராமசாமியைப் பத்து கவான் மக்கள் எத்தனை நாள் அறிவார்கள்? கோ சூ கூனை 18 ஆண்டுகளாக அறிவார்கள். அறிந்தவரை விட்டுவிட்டு அறியாதவரைத் தேர்ந்தெடுத்ததில், தங்களிடம் எதையோ சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறைக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். என் வாதத்தில் இடிக்கிற ஆண்டு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1990. டாக்டர் லிம் எதையும் மறைக்கவில்லை, எங்கும் தாவவில்லை. கொம்தார் எழுந்துவிட்டது, பாலம் 1985-இல் திறந்துவிட்டார்கள், தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியும் பாடாங் கோத்தா தொகுதியில் ஜ.செ.க.வின் லிம் கிட் சியாங்கிடம் சில நூறு வாக்குகளில் தோற்றார். 21 ஆண்டு போதும் என்று நினைத்தார்களா, எதிரே நின்றவரை அதிகம் நம்பினார்களா? என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அரசியலை விட்டு ஒதுங்கினார்.

2010 நவம்பர் 24 அன்று அவர் காலமானார். அப்போது பினாங்கை ஆண்டவர், அவரைத் தோற்கடித்த லிம் கிட் சியாங்கின் மகன் லிம் குவான் எங். ஜெலுத்தோங் கடலோர விரைவுச்சாலைக்கு அந்த அரசுதான் டாக்டர் லிம் பெயரை வைத்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இன்றும் அந்தச் சாலையில்தான் ஓடுகின்றன.