பறிப்பிலிருந்து வல்லுறவு வரை

இலத்தீனில் ‘ராபெரே’ என்றால் பறித்தெடுத்தல். அதிலிருந்து வந்த ‘ராப்துஸ்’ உரோமச் சட்டத்தில் பெண்ணைக் கடத்திச் செல்வதைக் குறித்தது. தகப்பன் வீட்டுக்கு வந்த இழப்பாகவே அது பெரிதும் பார்க்கப்பட்டது. இன்னொரு சொல் ‘ஸ்துப்ரும்’. அதன் பழைய பொருள் மானக்கேடு. பிறகு முறைகேடான உடலுறவுக்கும் அதுவே பெயரானது.

இரண்டும் வேறு வேறு வழியில் போயின. இத்தாலியத்தில் ‘ஸ்துப்ரோ’ வல்லுறவு. பிரேசிலின் போர்த்துக்கேய மொழியில் ‘எஸ்துப்ரு’வும் அதுவே. ஸ்பானிய மொழியிலோ ‘எஸ்துப்ரோ’ என்பது வயது குறைந்தவரை ஏமாற்றிக் கூடுதல். முதற்சொல் நோர்மன் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய் ‘றேப்’ ஆனது. 1275இன் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம் அக்குற்றத்துக்குத் தண்டனை விதித்தது.

நம் பக்கம் அச்சொல் வந்தது நெடுங்காலம் பின்பு. மட்டக்களப்பில் 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் கொண்டுவந்த உரோம-டச்சுக் குற்றவியலை ஆங்கிலேயரின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அகற்றியது. அதன் 363ஆம் பிரிவில் ‘றேப்’ இலங்கைச் சட்டச் சொல்லாயிற்று.

தமிழில் நாம் அதற்கு வைத்த பெயர் ‘கற்பழிப்பு’. ‘ஸ்துப்ரும்’ போலவே இதுவும் மானத்தைப் பேசுகிறது. குற்றவாளி செய்ததை விட்டு, பெண் இழந்ததாக ஊர் நினைப்பதைச் சொல்கிறது. இத்தாலி 1996இல்தான் இக்குற்றத்தைப் பொது ஒழுக்கத்துக்கு எதிரானவற்றிலிருந்து எடுத்து, ஆளுக்கு எதிரான குற்றமாக்கியது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1995இன் 22ஆம் இலக்கச் சட்டம் நம் 363ஐத் திருத்திவிட்டது: சம்மதம் இல்லை என்று நிறுவ உடற்காயம் கட்டாயமில்லை, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையின் சம்மதம் பொதுவில் செல்லாது. நீதிமன்றம் பிரித்து வைக்காத மனைவிக்கு மட்டும் கணவனிடமிருந்து அந்தப் பாதுகாப்பு இன்னும் இல்லை.

பெண்ணியவாதிகள் வற்புறுத்தியதால் ‘பாலியல் வல்லுறவு’ எழுத்தில் பரவியது. வல் என்ற அடை பலாத்காரத்தைக் காட்டுகிறது. பழி, குற்றம் செய்தவன்மேல் விழுகிறது. ஆனாலும் பழைய சொல் ஓயவில்லை. செங்கலடியிலோ ஏறாவூரிலோ ஒரு பெண்பிள்ளை பொலிசுக்குப் போனால், மறுநாள் தலைப்பில் அவளுடைய கற்பு அழிந்ததாக அச்சேறலாம். சட்டம் கேட்பது சம்மதத்தை, கற்பை அல்ல. செய்தி எழுதுவோரும் முறைப்பாட்டைப் பதிவோரும் அந்தச் சொல்லை இன்றோடு கைவிட வேண்டும்.