சம்பளத்தை எதில் அளப்பது?



போன கிழமை டுபாயிலிருந்து எங்களிடம் படித்த பிள்ளை ஒருவன் வட்ஸ்அப்பில் வொயிஸ் போட்டிருந்தான். "சேர், புது கம்பனி ஒண்டுல வேல கெடச்சிருக்கு. சம்பளத்துல ஒரு பங்க டிர்ஹமாவும் மத்தத அவங்கட கொயினாவும் தாராங்களாம். சைன் வைக்கவா?"

கிரிப்டோவின் உள்விவகாரம் எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஆனாலும் வேலைக்காரனுக்குக் காசு கொடுக்காமல் வேறொன்றைக் கொடுப்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு தொடங்கிய விஷயமல்ல. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். வெளிநாட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

முதலில் ஒரு ஒப்புதல். உரோமப் போர்வீரர்களுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று நாமும் பல வருடங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். அதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. இலத்தீன் சொல்லில் உப்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் வளர்ந்த கதை அது. சான்றுள்ள கதைகளே போதுமானவை.

அதில் ஒன்று மதீனாவில் நடந்தது. மர்வான் இப்னுல் ஹகம் அங்கே ஆளுநராக இருந்த காலம். மக்களுக்குரிய உணவுப் பங்கு அல்-ஜார் துறைமுகத்துக்கு வந்து சேரும் தானியத்திலிருந்து கொடுக்கப்பட்டது. தானியம் கைக்கு வருமுன் சீட்டு வரும். அந்தச் சீட்டுக்கு 'ஸக்கு' என்று பெயர், பன்மையில் 'ஸுகூக்'. இன்று இஸ்லாமிய வங்கிகள் விற்கும் 'சுகூக்' பத்திரத்தின் பெயரும் இதே சொல்தான். சீட்டு வைத்திருந்தவர்கள் தானியத்தைக் கண்ணால் காணுமுன்பே சீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் அதை இன்னொருவருக்கு விற்றார்கள். ஸஹாபாக்கள் மர்வானிடம் நேரே போய் இதைக் கண்டித்தார்கள். அவர் காவலர்களை அனுப்பி மக்கள் கையிலிருந்த சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். ஸஹீஹ் முஸ்லிமிலும் இமாம் மாலிக்கின் முவத்தாவிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

கையில் வராத பொருளை விற்கலாமா என்ற சட்டப் பிரச்சினையாக உலமாக்கள் இதைப் பேசுவார்கள். அது அவர்களுடைய துறை. எங்கள் கண் வேறொன்றில் நிற்கிறது. பங்கு என்று கொடுக்கப்பட்டது பொருளுமல்ல, காசுமல்ல. பொருள் வரும் என்ற ஒரு வாக்கு. கப்பல் பிந்தலாம், தானியத்தின் விலை மாறலாம். அதுவரை அந்த ஏற்ற இறக்கம் சீட்டுக்காரனின் தலையில்.

இன்னொன்று கெய்ரோவில். அல்-மக்ரீஸி அங்கே சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாக இருந்தவர். 1405ஆம் ஆண்டளவில் பஞ்சத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வெள்ளித் திர்ஹம் மறைந்து செப்புக்காசான புலூஸ் சந்தையை நிரப்பியதும் விலைவாசி எப்படி ஏறியது, எந்த வகுப்பு மக்கள் என்ன ஆனார்கள் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். நிலையான உதவித்தொகையில் வாழ்ந்தவர்களும் படித்தவர்களும் மாணவர்களும் அதில் மோசமாக அடிபட்டவர்கள். எங்களைப் போன்றவர்கள் என்று வையுங்கள்.

இப்போது தூரமாக, தென் அமெரிக்காவின் சிலிக்குப் போவோம். அந்தப் பிள்ளைக்கு நாம் விரிவாகச் சொன்ன கதை இதுதான். அவனுடைய ஒப்பந்தத்தில் இருந்த முடிச்சு 1907இலேயே அங்கே இருந்தது.

சிலியின் வடக்கே அற்றகாமா பாலைவனம். அங்கே உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய நைத்திரேற்றுத் தோண்டினார்கள். ஒவ்வொரு தோண்டுமிடமும் 'ஒபிசினா' எனப்பட்டது. அதற்குச் சொந்தக் குடியிருப்பு, சொந்தக் கடை, சொந்தக் காசு. அந்தக் காசின் பெயர் 'ஃபிச்சா'. கம்பனி தன் பெயரை அடித்துக் கொடுக்கும் வில்லை அது. தொழிலாளி அதைக் கொண்டு கம்பனிக் கடையில் கம்பனி சொல்லும் விலைக்குச் சாமான் வாங்கலாம். பக்கத்து ஒபிசினாவில் அது செல்லாது. மெய்யான பேசோவாக மாற்றப் போனால் ஒரு பங்கு கழிந்துபோகும்.

மெய்யான பேசோவும் அப்போது நல்ல நிலையில் இல்லை. சிலியின் தாள் பேசோ ஆங்கிலப் பென்னிக் கணக்கில் சரிந்துகொண்டே போனது. முதலாளிமார் நைத்திரேற்றை விற்றது பவுணுக்கு, சம்பளம் கொடுத்தது சரியும் பேசோவிலும் ஃபிச்சாவிலும். பேசோ விழ விழ அவர்களுக்குக் கூலிச் செலவு குறைந்தது. அந்தக் குறைவு முழுவதும் தொழிலாளியின் சோற்றுக்கோப்பையிலிருந்து வந்தது.

1907 டிசம்பரில் அவர்கள் வேலையை நிறுத்தி, பாலைவனத்தைத் தாண்டி இகீகே துறைமுகத்துக்கு வந்தார்கள். சிலிக்காரர், பெருக்காரர், பொலிவியர் எல்லாரும் சேர்ந்து. அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் இரண்டை நாம் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறோம். ஃபிச்சா ஒழியும்வரை எல்லா ஒபிசினாவும் கழிவில்லாமல் அதன் முழுப் பெறுமதிக்கு அதை ஏற்கவேண்டும். சம்பளம் ஒரு பேசோவுக்கு 18 பென்னி என்ற கணக்கில் கொடுபடவேண்டும்.

இரண்டாவதைக் கவனியுங்கள். எழுத்து வாசிப்பு குறைந்த மனிதர்கள். ஆனாலும் காசின் பெயரில் அவர்கள் மயங்கவில்லை. "பேசோவோ தாளோ எதையும் தா, ஆனால் விழாத ஒன்றினால் அளந்து தா" என்பதுதான் அவர்கள் கேட்டது.

ஊருக்குள் வந்தவர்களைத் தங்கவைத்தது ஒரு பாடசாலையில். சாந்தா மரியா பாடசாலை. டிசம்பர் 21ஆம் திகதி கலைந்துபோகச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை அவரவர் தூதரகத்தார் வந்து கூப்பிட்டார்கள், அவர்கள் போக மறுத்தார்கள். ஜெனரல் சில்வா ரெனார்ட் சுடச் சொன்னார். இறந்தவர் தொகை நூற்றுக்கணக்கா ஆயிரக்கணக்கா என்று இன்றைக்கும் தகராறு தீரவில்லை. பாடசாலை முற்றம் என்றால் எங்களுக்குக் காலைக் கூட்டமும் வெள்ளைச் சட்டையும்தான் ஞாபகம் வரும். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறோம்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். கொழும்பிலேயே 19ஆம் நூற்றாண்டில் கோப்பி ஆலைகள் சில சொந்தமாக வில்லை அடித்துக் கூலியாட்களுக்குக் கொடுத்தன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் வேகந்த ஆலை 1843ஆம் ஆண்டு போட்டு அடித்த வில்லையை நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். மலையகத் தோட்டங்களில் அரிசியே கூலியின் ஒரு பங்கு. காசு கங்காணியின் கையைத் தாண்டித்தான் வரும், அதுவும் மாதக்கணக்கில் பிந்தி. போதாததற்கு 'துண்டு'. இத்தனை ரூபாய்க் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தச் சீட்டைக் காட்டி அடுத்த தோட்டம் கடனை ஏற்கும். மனிதர் கடனோடு கைமாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

இதில் எங்கள் ஆட்களும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல. வாப்பாவின் வாப்பா மலைநாட்டு டவுன் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருடைய கடன் கொப்பியை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். கையில் காசு புழங்காத மனிதனுக்குக் கடைக்காரன் சொல்வதுதான் விலை. அவர் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள், நாமும் நம்புகிறோம். என்றாலும் அந்தக் கொப்பி எங்களை உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் அரிசியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. அதன்படி 1929இலிருந்து மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அதோடு அரிசியைக் கட்டுப்படியான ஒரு நிலையான விலைக்குத் தோட்டம் கொடுக்கவேண்டும். சந்தையில் அரிசி விலை ஏறினால் அந்த ஏற்றம் தோட்டத்தின் செலவு. முன்பு தொழிலாளியை அடிமைப்படுத்திய அதே அரிசி மூட்டை, விலையைக் கட்டிவைத்ததும் அவனுக்கு ஒரு வேலியாக நின்றது. (1930களின் மந்தத்தில் அந்தச் சதக் கணக்கையே வெட்டினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.)

இப்படியான அனுபவங்களின் மேல்தான் சட்டங்கள் கட்டப்பட்டன. பிரித்தானியாவில் 1831ஆம் ஆண்டின் டிரக் சட்டம். இலங்கையில் 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம்: சம்பளத்தைச் சட்டபூர்வ நாணயத்தில், தொழிலாளியின் கையிலேயே கொடு என்றது. 1949இல் சர்வதேச தொழில் அமைப்பின் 95ஆம் இலக்க சமவாயம், காசுச் சம்பளத்தை உறுதிச்சீட்டாகவும் வவுச்சராகவும் கூப்பனாகவும் கொடுப்பதைத் தடுத்தது.

"சேர், சட்டபூர்வ காசுல சம்பளம் எடுத்து 2022ல உங்களுக்கு என்ன நடந்திச்சு?" இதைக் கேட்டபோது அவன் மறுகேள்வியாகப் போட்டது இது. நியாயமான கேள்வி. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. 50,000 ரூபா சம்பளக்காரரின் கையில் 250 டொலர் இருந்தது, இரண்டே மாதத்தில் 140க்கும் கீழே போனது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. எங்கள் சம்பளச் சீட்டில் ஒரு சதமும் குறையவில்லை, கேஸ் வரிசையில் நின்றபோதுதான் குறைந்தது தெரிந்தது. ரூபாவை நம்பாத பிள்ளைகளை நாம் ஏச மாட்டோம். இகீகேக்காரர்களும் பேசோவை நம்பவில்லை.

ஆகவே கிரிப்டோவா, காசா என்று சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, விழுந்தால் யார் தலையில் விழும் என்று பார்ப்போம்.

ஜப்பானில் ஜிஎம்ஓ இன்டர்நெட் கம்பனி 2018இல் விரும்பும் ஊழியருக்கு மாதம் 100,000 யென் வரை பிட்கொயினாகக் கொடுக்கத் தொடங்கியது. சம்பளம் யென்னில்தான் தீர்மானம், ஊழியர் சம்மதித்த பங்கு மட்டும் மாற்றப்படும். நியூயோர்க் மேயர் எரிக் அடம்ஸ் 2022 ஜனவரியில் முதல் சம்பளத்தை கிரிப்டோவில் எடுப்பதாகப் பெரிதாக அறிவித்தார். நகரசபை டொலரில்தான் கொடுத்தது, அவர் கொயின்பேஸ் வழியாக மாற்றிக்கொண்டார். பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கிய முதல் நாடான எல் சல்வடோர்கூட, 2021இல் சம்பளமும் ஓய்வூதியமும் டொலரிலேயே தொடரும் என்று சொல்லித்தான் அதைச் செய்தது.

இவை எல்லாவற்றிலும் அளவுகோல் காசு. வாங்கியவர் தன் விருப்பத்தில் கொயின் வாங்கினார். இலாபமோ நட்டமோ அவர் தெரிந்து எடுத்தது. 2021 நவம்பரில் 69,000 டொலரளவில் நின்ற பிட்கொயின் ஒரு வருடத்தில் 16,000க்கும் கீழே வந்தது, பிறகு 2024 டிசம்பரில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. மேயருக்கு அது பொழுதுபோக்கு, அவருடைய உம்மா மாதாந்தக் காசுக்குக் காத்திருக்கவில்லை.

டுபாயில் வந்த வழக்கு வேறு மாதிரி. ஒப்பந்தத்தில் டிர்ஹம் சம்பளத்தோடு மாதம் 5,250 ஈகோவட் டோக்கன் என்று எழுதியிருந்தது. கம்பனி டோக்கனைக் கொடுக்கவில்லை. இதற்குமுன் 2023இல் இப்படியொரு கோரிக்கையை, டோக்கனின் பெறுமதியைக் கணிக்கும் வழி காட்டப்படவில்லை என்று அங்கே நீதிமன்றம் தள்ளியிருந்தது. 2024இல் டுபாய் முதல்நிலை நீதிமன்றம் ஒப்பந்தப்படி டோக்கனாகவே கொடு என்று தீர்ப்பளித்தது. ஊழியருக்கு வெற்றி என்று எல்லாரும் எழுதினார்கள். வெற்றிதான், ஆனால் அவருக்குத் தீர்ப்பானது 5,250 என்ற எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்கு அன்றைய சந்தையில் என்ன வாங்கலாம் என்பது தீர்ப்பில் இல்லை.

எங்கள் பிள்ளை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பினான். அதுவும் எண்ணிக்கைதான். மாதம் இத்தனை கொயின். டிர்ஹமில் இவ்வளவு என்று எங்கும் இல்லை. "டிர்ஹமில தொகைய எழுதி, சம்பளத் திகதியில இருக்கிற ரேட்டுக்கு கொயின் தரச் சொல்லு. வேணாமெண்டா டிர்ஹமாவே எடுக்கலாம் எண்டும் ஒரு வரி போடச் சொல்லு" என்று பதில் போட்டோம்.

முந்தநாள் கம்பனியிலிருந்து மறுமொழி வந்ததாம். ரேட்டை எழுதச் சம்மதம். ஆனால் கொடுக்கும் கொயினை ஆறு மாதத்துக்கு விற்க முடியாது, பூட்டியிருக்கும். "அப்ப சேர், அந்த ஆறு மாசமும் அது என்ட சம்பளமா, அவங்கட சாமானா?" என்று கேட்டிருக்கிறான். உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி வீட்டுக்குப் போகவேண்டிய காசும், தங்கச்சியின் கம்பஸ் செலவும் டிர்ஹம் பங்கிலேயே அடங்குமா என்று ஒரு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான். இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.