கொடை விழாவில் தலைமைப் பூசல்: வரியும் மரியாதையும்

வள்ளியூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் எடுக்கப்படும் கொடை விழாவில், கால் நாட்டும் நாள் முதல் மஞ்சள் நீராட்டு வரை ஒரு காசும் கூலியாகப் பெறாது உழைக்கும் ஊரார்க்குள்ளே, முன்னிற்பவர் யார், முதல் திருநீறு யாருக்கு என்ற பூசல் எழுவதும், சில வேளை அதன்பொருட்டுக் கொடையே நின்றுபோவதும் பலரும் அறிந்தனவே. இதனைத் தனிமனிதரின் அகங்காரமென்று ஒதுக்குவது எளிது. ஆயின், இப்பூசல் கொடையின் அமைப்பிலேயே வேர்கொண்டதென்பதும், ஊதியமற்ற ஊழியத்துக்கு மரியாதையே ஊதியமாதலின் அதைக் கோருவது முற்றிலும் அற்பமன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கொடையின் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்ததன்று. வீட்டுக்குச் சமமாக விதிக்கப்படும் தலைக்கட்டு வரியைச் செலுத்தும் குடும்பங்கள் ஊர்க்கூட்டத்தில் கூடி நாள் குறிக்கின்றன. பூசை செய்யும் பாத்தியதை வழிவழியாக ஒரு குடும்பத்திடம் தங்குகிறது. வில்லிசையில் வரத்துப் பாடி அருள் இறங்கியதும், அதுவரை கூட்டத்தில் ஒருவராய் நின்ற, சாமியாடும் கோமரத்தாடியின் வாக்குக்கு நாட்டாமையும் பணிய வேண்டியவராகிறார். பணம், பரம்பரை, அருள் என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் வரையில் சமநிலை உண்டு. ஆயின், மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பொருளீட்டித் திரும்பியோர் வரிக்கு மேல் பெருந்தொகை வழங்கும்போது, சமமான வரியால் உண்டான சமமான உரிமை குலைந்து, நன்கொடையாளர் நாட்டாமையின் ஸ்தானத்தை நாடுகிறார். பழைய குடும்பமோ பரம்பரையைக் காட்டி எதிர்க்கிறது.

தலைமைக்கான இப்போட்டி புதிதன்று. வள்ளியூருக்குத் தென்கிழக்கே இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த பாதிரியார் ராபர்ட் கால்டுவெல், 1849-இல் வெளியிட்ட நூலில், இவ்வழிபாட்டுக்கெனத் தனிப் புரோகித வகுப்பில்லை என்றும், பெரும்பாலும் ஊர்த்தலைவரோ முக்கியஸ்தரோ முன்னின்று ஆடுவர் என்றும், சிற்சில சமயம் ஆணாயினும் பெண்ணாயினும் பெயர்பெற விரும்பித் தாமே முன்வருவர் என்றும் குறிக்கிறார். இதனைப் பேய் வழிபாடென இகழ்ந்த பாதிரியாரின் நோக்கு ஏற்கத்தக்கதன்று. எனினும் அவர் கண்டது உண்மை. ஸ்தானம் எழுத்தில் வரையறுக்கப்படாத இடத்தில் தலைமை ஒவ்வொரு கொடையிலும் மீண்டும் நிலைநாட்டப்பட வேண்டியதாகிறது. தாமிரபரணிக் கரையூர் ஒன்றை ஆராய்ந்து மானிடவியலாளர் டயேன் மைன்ஸ் 2005-இல் வெளியிட்ட நூலும், உக்கிர தெய்வங்களின் விழாக்கள் மக்கள் தம் மதிப்பை வாதிட்டுப் பெறும் களங்களென்றே காட்டுகிறது.

சட்டமும் இதனை அறியாததன்று. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மரியாதை யாருக்கு உரியதென்ற தகராறையும் துறை அதிகாரி தீர்க்க வேண்டியவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆழ்வார்திருநகரி ஆதிநாதாழ்வார் கோயிலில் முதல் தீர்த்தம் முதலியன குறித்து, நாங்குநேரி வானமாமலை ஜீயருக்கும் எம்பெருமானார் ஜீயருக்கும் நிகழ்ந்த வழக்கில், வெறும் மரியாதைக்காக உரிமை வழக்குத் தொடர இயலாது, ஒரு பதவியும் அதற்குரிய ஊதியமாக அம்மரியாதை பிணைந்திருப்பதும் நிறுவப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1961-இல் வரையறுத்தது. நீதிமன்றத்தின் வாயிலுக்கென விதிக்கப்பட்ட இவ்வரையறை, ஊர்க்கூட்டத்துக்கும் நல்ல அளவுகோலாகும்: வரி பிரித்தவருக்கும் மேளமும் வில்லும் பேசி அமர்த்தியவருக்கும் பந்தலில் கண்விழித்தவருக்கும் அவரவர் வேலையின் பெயரால் மரியாதை உரியதாகும், பெருந்தொகை கொடுத்ததாலோ, பாட்டனார் பெற்றதாலோ மட்டும் ஆகாது.

மரியாதையை ஊதியமெனக் கொள்வது சாதி ஆதிக்கத்துக்குப் புகலிடம் தருமன்றோ என வினவலாம். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், உஞ்சனை முதலிய நான்கு நாட்டுத் தலைவர்களான நாட்டாரின் மரியாதையும் தாழ்த்தப்பட்டோர் வடம்பிடிக்கும் உரிமையும் மோதிப் பல்லாண்டு நின்ற தேர், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024-இல் காவலர் சூழ ஓடியது. அங்கு நாட்டாரின் மரியாதை வேலைக்குரியதன்று, பிறப்புக்குரியது. ஆதலால் அது நம் வாதத்தின் துணையாகாது. கொடையிலும் முதற்கேள்வி யாருக்கு முதல் திருநீறு என்பதன்று, யாரிடம் வரி வாங்க மறுக்கிறார்கள் என்பதே. வரி மறுக்கப்பட்டவருக்கு ஊரில் இடமும் மறுக்கப்படுகிறது.

எனவே, தகராறு கண்டவுடன் விழாவைத் தடைசெய்வது நோயை விட்டு நோயாளியைக் கட்டிவைப்பதாகும். வரி எல்லார்க்கும் சமமாதல், பொறுப்பு முறைவைத்துச் சுழலுதல், கொடை முடிந்ததும் வரவுசெலவு பொதுவில் வாசிக்கப்படுதல் ஆகிய மூன்றும் ஊர்வழக்கத்துக்கு அந்நியமானவையல்ல. இவற்றைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் ஊரிலும் பூசல் எழும், ஆயின் அது சபையில் பேசித் தீரும் பூசலாகவே நிற்கும்.