ஒரு முட்டைக்கோஸ் போன வழி

கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் ஒரு தோட்டம். அங்கே முட்டைக்கோஸ் பயிரிட்டவர் செம்மறியாடும் வளர்த்தார். ஆட்டுப் புழுக்கைதான் பயிருக்கு உரம். 1979-இல் ஓர் ஆடும் 1981-இல் இன்னோர் ஆடும் லிஸ்டீரியா என்ற கிருமி தரும் நோயில் செத்தன.

அறுவடையான காய் குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் கிடந்தது. குளிரில் பெரும்பாலான கிருமிகள் அடங்கிவிடும். லிஸ்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். பிறகு அந்தக் காய், துருவிக் கலந்த கோல்ஸ்லாவாகக் கடைகளுக்குப் போனது. அடுப்பையே காணாத உணவு அது. 1981-இல் பதிவான 41 நோய்த்தொற்றுகளில் 7 மட்டுமே கர்ப்பத்தோடு தொடர்பில்லாதவை. மீதி 34-உம் கருவுற்ற தாய்மாரையும் அவர்கள் சிசுக்களையும் தாக்கியவை. நோயாளி ஒருவரின் ஃபிரிட்ஜிலிருந்த கோல்ஸ்லாவில் கிருமி அகப்பட்டது. உணவு வழியாகவும் லிஸ்டீரியா பரவும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது அப்போதுதான்.

குடலைக் கடந்து ரத்தத்தில் ஏறும் கிருமி நஞ்சுக்கொடியில் தங்குகிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குள் நேராகவே நுழைவதால் ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் பொருள்களுக்கு அது எட்டுவதில்லை. தாய்க்கோ லேசான காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான். தின்று பல வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம் என்பதால், எதைத் தின்றோம் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். என்னை மிகவும் கலங்கவைப்பது இந்தச் சாதாரணத் தோற்றம்தான். முதல் மூன்று மாதத்தில் இந்த நோய் வந்தால் கரு கலைந்துவிடும் ஆபத்து மிக அதிகம்.

ஆனாலும் கைவிட வேண்டியதில்லை. 1961-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஆம்பிசிலின் இன்றும் முதல் மருந்து. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவையும் அது எட்டும். அதிக அளவில், நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சிலர் ஜென்டாமைசினும் சேர்ப்பார்கள். காய்ச்சலுக்கு வழக்கமாகக் கை போகும் செஃபலோஸ்போரின் ஊசிகள் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு மாற்றாகத் தரப்படும் டிரைமெத்தோபிரிம்–சல்ஃபா கூட்டு மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதால், முதல் மூன்று மாதத்தில் அதைத் தவிர்க்கவே பார்க்கிறார்கள். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலினைத் தொடங்கிவிட வேண்டும். காய்ச்சல் தணிந்த பிறகும் நிறுத்தக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் தொடர்வார்கள். செல்களுக்குள் பதுங்கிய கிருமி அவ்வளவு சீக்கிரம் ஒழிவதில்லை.