எண்ணெய் முள் பொய் சொல்கிறதா? பழுது எங்கே என்று கண்டறியும் வழி

கோலாலம்பூர் – பண்டிகைக்கு ஊர் திரும்பும் நேரம். காரில் கால் டேங்க் எண்ணெய் இருப்பதாக முள் காட்டுகிறது. ஓய்வுத் தலத்தின் பெட்ரோல் நிலையத்தில் வரிசை நீண்டிருப்பதால் வாகனமோட்டி நிற்காமல் போகிறார். சிறிது தூரத்தில் கார் திணறுகிறது. பிள்ளைகளோடு நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் நின்று விடுகிறது. டேங்க் காலி. முள் மட்டும் இன்னும் கால் டேங்கில்தான் நிற்கிறது.

இது வெறும் அலைக்கழிப்பு அன்று. லாரிகள் விரையும் சாலையோரத்தில் நிற்பது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் பம்ப், டேங்கில் உள்ள எண்ணெயால்தான் குளிர்கிறது. அடிக்கடி டேங்க் வற்றினால் பம்பும் கெடும். இன்னொரு பக்கம், வயர் துருப்பிடித்ததற்காக மீட்டர் முழுவதையும் மாற்றிப் பணத்தை இழப்பவர்களும் உண்டு. எனவே, எதையும் மாற்றுவதற்கு முன் பழுது எங்கே என்று கண்டறிவது முக்கியம்.

எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான கார்களில் எண்ணெய் அளவைக் காட்டும் சென்சார், டேங்கின் உள்ளே பெட்ரோல் பம்போடு சேர்ந்தே இருக்கும். அதில் ஒரு மிதவை, ஒரு மெல்லிய கம்பி, ஒரு மின்தடைப் பட்டை ஆகிய மூன்றும் முக்கியமானவை. எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், குறைந்தால் இறங்கும். கம்பியின் முனை பட்டையின் மீது உரசி நகரும்போது மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் வயர் வழியாக டேஷ்போர்டுக்குச் சென்று முள்ளாகவோ கட்டங்களாகவோ தெரிகிறது.

ஆக, பழுது நான்கு இடங்களில் இருக்கலாம்: மிதவை, பட்டை, வயர், மீட்டர். வயர் என்னும்போது அதன் சாக்கெட்டும் எர்த் இணைப்பும் அடங்கும்.

முள்ளின் போக்கைக் கவனியுங்கள்

• முள் ஓரிடத்தில் குதித்துக் குதித்து ஆடினால், பட்டையின் அந்தப் பகுதி தேய்ந்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஆடினால் சாக்கெட் தளர்ந்திருக்கலாம்.

• எவ்வளவு நிரப்பினாலும் காலி என்றே காட்டினால், மிதவைக்குள் எண்ணெய் புகுந்து அது மூழ்கியிருக்கலாம். அல்லது வயர் அறுந்திருக்கலாம்.

• எப்போதும் ஒரே அளவைக் காட்டினால், மிதவைக் கம்பி வளைந்து சிக்கியிருக்கலாம்.

• எண்ணெய் முள்ளோடு மற்ற மீட்டர்களும் தடுமாறினால், ஃபியூஸ், எர்த் வயர், மீட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

காரில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, அடியில் ஈரம் தெரிந்தாலோ, அதைச் சென்சார் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணெய் கசிகிறது என்று பொருள். காரை ஓட்டாமல் உடனே பட்டறையை அழைக்க வேண்டும்.

ரசீதே முதல் பரிசோதனை

நம்மில் பலருக்கு, எத்தனை லிட்டர் என்று பார்க்காமல் 20 ரிங்கிட், 50 ரிங்கிட் என்று நிரப்பியே பழக்கம். முள்ளின் மீது சந்தேகம் வந்துவிட்டால் ரசீதில் உள்ள லிட்டர் கணக்கைப் பார்க்க வேண்டும்.

லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்ற விலையில் 20 ரிங்கிட்டுக்குச் சுமார் 10 லிட்டர் கிடைக்கும். 36 லிட்டர் டேங்க் உள்ள சிறிய காரில் அது கால் டேங்கைவிடச் சற்று அதிகம். இன்ஜினை நிறுத்தி எண்ணெய் நிரப்பி, சமதரையில் மீண்டும் சாவியைத் திருப்பிய பிறகு முள் அந்த அளவுக்கு ஏற வேண்டும். சில கார்களில் முள் ஏறச் சற்று நேரமாகும். சில நிமிடம் ஓட்டியும் அசையவில்லை என்றால் பழுது உறுதி.

ஸ்கேனர் என்ன சொல்லும்?

பட்டறையில் ஸ்கேனர் மாட்டினால் பி0460 முதல் பி0464 வரையிலான குறியீடுகளில் ஒன்று வரலாம். பி0460 சென்சார் மின்சுற்றில் கோளாறு என்பதையும், பி0461 அளவு பொருந்தவில்லை என்பதையும் குறிக்கும். பி0462 என்றால் சமிக்ஞை மிகக் குறைவு. பி0463 என்றால் மிக அதிகம். பி0464 என்பது விட்டுவிட்டு வரும் கோளாறு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குறியீடு வந்தாலே சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளாகாது. வயர் உரசி காரின் உடம்பில் பட்டாலும் பி0462 வரலாம்; வயர் அறுந்தாலும் பி0463 வரலாம். குறியீடு தெருவைத்தான் காட்டும்; வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்கேனரில் எண்ணெய் அளவு விழுக்காடாகவும் தெரியும். அது சரியாக இருந்து முள் மட்டும் தவறினால் மீட்டர் மீதே சந்தேகம். இரண்டும் தவறினால் சென்சாரையும் வயரையும் பார்க்க வேண்டும். சில கார்களில் சென்சார் வயர் நேராக மீட்டருக்கே செல்லும். அவற்றில் இந்த ஒப்பீடு மட்டும் போதாது.

மல்டிமீட்டர் பரிசோதனை

பல கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் பெட்ரோல் பம்பின் மூடியும் சாக்கெட்டும் தெரியும். சாவியை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, அதன் ஊசிகளில் பச்சையோ துருவோ படிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஏற்பட்டதைப் போன்ற வெள்ளத்தில் நனைந்த கார்களில், துரு தாமதமாகவும் தலைகாட்டலாம்.

அடுத்து, சென்சாரின் இரு முனைகளுக்கு இடையே ஓம் அளவை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 10 லிட்டர் நிரப்பிய பின் மீண்டும் எடுக்க வேண்டும். எண் மாறவே இல்லை என்றால் பழுது டேங்கின் உள்ளே. எண் ஒழுங்காக மாறியும் முள் அசையவில்லை என்றால் பழுது வயரிலோ மீட்டரிலோ இருக்கிறது. எண்ணெய் நிறைந்தால் மின்தடை கூடுமா குறையுமா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். எனவே, அந்தக் காருக்குரிய பட்டறைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கையேட்டில் சொன்ன அளவுள்ள மின்தடையை சாக்கெட்டில் பொருத்திப் பார்க்கலாம். முள் அதற்கேற்ப நகர்ந்தால் வயரும் மீட்டரும் நலம்.

சென்சாரை வெளியே எடுத்தால் மிதவையைக் கையால் மெதுவாக மேலும் கீழும் அசைத்து, ஓம் எண் சீராக நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் குதித்தாலோ எண் மறைந்தாலோ பட்டை தேய்ந்துவிட்டது. சில நான்கு சக்கர இயக்க வாகனங்களில் டேங்க் இரு பக்கமாகப் பிரிந்து, இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

டேங்க் திறப்பது பட்டறையின் வேலை

சாக்கெட் வரை பார்ப்பதோடு வீட்டில் செய்யும் வேலை முடிந்தது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். டேங்க் மூடியைத் திறப்பதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட வேண்டும். காற்றோட்டமான இடம், எண்ணெய் குறைந்த டேங்க், கழற்றிய பேட்டரி, அருகில் தீயணைப்பான் ஆகியவை கட்டாயம். மூடும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுவது நல்லது. பழைய வளையம் கசியக்கூடும்.

பட்டறையில் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தப் பரிசோதனையில் பழுது தெரிந்தது? சென்சார் மட்டும் தனியாகக் கிடைக்குமா, பம்போடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா? கழற்றிய பழைய பொருளைக் காட்ட முடியுமா? முறையாகப் பார்த்த மெக்கானிக் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

பழுது தீரும் வரை

டேங்கை முழுமையாக நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரில் 36 லிட்டர் என்பது கணக்குப்படி 432 கிலோமீட்டர். ஆனாலும் 300 கிலோமீட்டரிலேயே மீண்டும் நிரப்பிவிடுங்கள். கையில் சுமார் 11 லிட்டர் மிச்சமிருக்கும். நெரிசலில் நின்றால் கிலோமீட்டர் ஏறாமலேயே எண்ணெய் கரையும் என்பதால், பண்டிகைக் காலத்தில் 200 கிலோமீட்டரிலேயே நிரப்புவது நல்லது.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று நம்பி இருக்கவும் முடியாது. பல கார்களில் அந்த விளக்கும் இதே சென்சாரைக் கேட்டுத்தான் எரிகிறது.