மாகாண சபை லீவில நிக்குது!



நெடுங்கேணித் தேத்தண்ணிக் கடையில் நேற்றும் அதே பகிடிதான்.
"சேர், மாகாண சபை எங்க?"
"லீவில நிக்குது அண்ணை."

எல்லாரும் சிரித்தோம். இந்த லீவின் கதையையும் பார்ப்போம்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு வந்தது மாகாண சபை. வடக்கு தனி மாகாணமாக அதற்கு வாக்களித்தது ஒரேயொரு முறை, 2013 செப்டெம்பர் 21இல். கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம். கிடைத்த 2 போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தார்கள். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது.

அடுத்த தேர்தல் ஏன் வரவில்லை? 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்குப் புதிய தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை! பழைய முறையும் போச்சு, புதியதும் வரவில்லை.

எங்கள் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ்தான். இப்போது அதிகாரம் ஆளுநர் கையில். அவரை நாங்கள் தெரிவு செய்வதில்லை. தமிழர், முஸ்லிம் என்று ஆளையாள் குறை சொல்கிறோம். பறிபோன வாக்கு இரண்டு பேருடையதும்தான்.

பகிடி விடுவோம். ஆனால் அடுத்தமுறை வாக்குக் கேட்டு வருபவரிடம் ஒன்று கேட்போம்: "சட்டத்தை எப்ப திருத்துவீங்கள்?"